கழற்ற முடிகிற தோல்

1

கணினிக்குள் கட்டப்பட்டிருக்கும் கற்பனை உலகங்களில் எதற்குள் நுழைவதானாலும் வாசலில் ஓர் உடம்பு கேட்கப்படுகிறது. உயரம், மூக்கு, தலைமயிர் இவற்றோடு தோலையும் நாமே தெரிவு செய்ய வேண்டும். இந்த உடம்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அவதார்'. எங்களுடைய புராணங்களிலிருந்து போன சொல். ரெக்சாஸில் வளர்ந்த ரிச்சார்ட் கரியட் 1985இல் தனது 'அல்ரிமா' விளையாட்டின் நாலாம் பாகத்துக்கு அந்தச் சொல்லை எடுத்தார். 1986இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் 'ஹபிரற்' திரையில் நடமாடும் உருவங்களை அப்படி அழைத்தது. 1992இல் வந்த நீல் ஸ்ரீபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' நாவல் அதை எல்லோருடைய வாயிலும் போட்டது.

சொல் இத்தனை தூரம் போனதில் ஒரு விஷயம் வழியில் தவறிவிட்டது. புராணத்தில் அவதாரம் எடுப்பவர் தன் நிறத்தோடு இறங்குகிறார். கண்ணன் கார்முகில் நிறத்தவன், இராமனும் கரியவன்தான். இங்கே இறங்குபவருக்கு நிறம் இல்லை. நிறம் ஒரு பட்டியலாக வாசலில் காத்திருக்கிறது.

நாம் இருக்கும் ஃபிரிஸ்கோ இதைப் பற்றிப் பேசப் பொருத்தமான ஊர். டலஸுக்கு வடக்கே, பெருந்தெரு ஓரத்தில் ஊதிப் பெருத்த நகரம். வீடியோ விளையாட்டுகளுக்கான தேசிய அருங்காட்சியகம் 2016இல் இங்கேதான் திறக்கப்பட்டது. 'போர்டர்லான்ட்ஸ்' விளையாட்டைச் செய்யும் கியர்பொக்ஸ் நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான். 2020 குடிசனக் கணக்கெடுப்பில் சனத்தொகை இரண்டு இலட்சத்தைத் தொட்டது. தெலுங்கும் தமிழும் ஹிந்தியும் பேசும் குடும்பங்கள் அதில் ஒரு பெரும் பங்கு. சனி இரவுகளில் நாம் வேலை செய்யும் உணவகத்தில் தோசை வரும்வரை பிள்ளைகள் கையகலத் திரைகளில் தங்களுக்கு உடம்பு செய்து கொண்டிருப்பார்கள். மேசை துடைக்கும்போது அது எமது கண்ணில் படும். அந்த உடம்புகளில் பெரும்பாலானவை, அவற்றைச் செய்கின்ற விரல்களைவிட வெளிறியவை.

இதற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்து போகலாம். ஆனால் அந்தப் பட்டியல் எப்படி உருவானது, அதில் எங்களுக்கென்று என்ன வைக்கப்பட்டிருக்கிறது, எங்களுடைய வீட்டுச் சொற்கள் அந்த விரலை எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்று பார்க்காமல் சொல்லப்படும் குற்றம் அது. மெய்யான தோல், இனத்தின் தனித்துவம் தெரிகிற தோல் என்று இந்த உலகங்களில் விற்கப்படுவதை ஒரு பிரதியை வாசிப்பது போல வாசித்துப் பார்ப்பதே எமது நோக்கம்.

2

முதலில் 'மெய்யான' என்ற அடைமொழி.

சான்பிரான்சிஸ்கோவின் லின்டன் லாப் நிறுவனம் 2003இல் திறந்த 'செக்கன்ட் லைஃப்' உலகத்தில் தோல் ஒரு விற்பனைப் பண்டம். அங்கே உடம்பு என்பது வெறும் அச்சு. தலைக்கு ஒன்று, மேலுடம்புக்கு ஒன்று, கீழுடம்புக்கு ஒன்று என மூன்று படங்கள் அதன்மேல் போர்த்தப்படுகின்றன. அந்த உலகத்தில் உலாவுகிறவர்களே இந்தப் படங்களை வரைந்து, அந்த உலகத்தின் காசுக்கு விற்றார்கள். மூக்கோரத்து நிழலையும் கழுத்தெலும்பின் வெளிச்சத்தையும் படத்திலேயே தீட்டிவிட வேண்டும். இதற்கு ஓர் இலகுவான வழி உண்டு. வெள்ளைத் தோல் ஒன்றைக் கவனமாகத் தீட்டுவது. பிறகு அதே படத்தைக் கணினியில் இருட்டாக்கிக் கறுப்புத் தோல் என்று பெயரிடுவது. அந்த வழியில் பிறந்த தோலைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். சாம்பல் பூசினது போலிருக்கும். உள்ளங்கை, புறங்கை, உதடு எல்லாம் ஒரே வாளிப் பெயின்ற்.

எங்களுடைய தோல் அப்படியில்லை. உள்ளங்கை புறங்கையைவிட வெளிர். விரல் மூட்டுகளிலும் முழங்கையிலும் கழுத்தின் பின்பக்கத்திலும் கறுப்பு கூட. கண்களைச் சுற்றி ஒரு நிழல். குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்பவனின் கை வியர்வையில் பளபளக்கும்போது, வெளிச்சம் தோலின் மேலேயே நின்று திரும்புகிறது. கறுப்புத் தோலின் அழகு பெருமளவுக்கு இந்த மினுக்கத்தில்தான் இருக்கிறது. அம்மாமார் எண்ணெய் பூசிக் குளிப்பாட்டிய பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

கணினி ஓவியத்தின் விஞ்ஞானம் தோலை வேறு இடத்திலிருந்து தொடங்கியது. 2001இல் ஹென்ரிக் வான் ஜென்சனும் அவரது சகாக்களும் ஒளி ஒரு பொருளுக்குள் புகுந்து, சிதறி, வேறோர் இடத்தால் வெளிவருவதைக் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதன் சிறப்பைக் காட்ட அவர்கள் எடுத்த பொருட்களில் பாலும் சலவைக்கல்லும் இருந்தன. அதுவரை பிளாஸ்ரிக் போல இருந்த திரை மனிதர்களுக்கு அதன்பின் சதை வந்தது. 2004இல் அந்த முறைக்கு ஒஸ்கார் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. அது நல்ல விஞ்ஞானம் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே ஒளி ஊடுருவும் தோல் என்பது முதன்மையாக வெளிர் தோலின் இலட்சணம். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோடர் கிம் 2020இல் எழுதிய கட்டுரையில் இதையே கேட்டார்: வெள்ளைத் தோலின் ஒரு குணத்தை 'மனிதத் தோல்' என்று பெயரிட்டு ஆராய்ச்சி முழுவதையும் அதன்மேல் கட்டிவிட்டு, மினுக்கத்தை ஏன் பின்தள்ளினோம்? கிம் வெளியிலிருந்து கல்லெறிபவர் அல்ல, அதே துறையில் வேலை செய்பவர்.

இது கணினியோடு தொடங்கிய கதையும் இல்லை. கொடக் நிறுவனம் நிறப்படங்களைக் கழுவும் கடைகளுக்கு ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக அனுப்பிவந்தது. 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் படம் சரி. கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு நின்றெடுத்த வகுப்புப் படங்களில் கறுப்பு முகங்களில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. இந்தக் குறை 1960களிலும் 70களிலும் கவனத்துக்கு வந்ததற்குக் காரணம் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரின் முறைப்பாடு மாத்திரமல்ல. சொக்கிலேற் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் தங்கள் விளம்பரங்களில் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்டன என்பதை ஆய்வாளர் லோர்னா றொத் பதிவு செய்திருக்கிறார். மரத்துக்கும் இனிப்புக்கும் கிடைத்த காது மனிதருக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைக்கவில்லை.

விளையாட்டுகளில் இதே கதை 'சிம்ஸ் 4'இல் நடந்தது. 2014இல் அது வெளிவந்தபோது கறுப்புத் தோல்கள் கொஞ்சம்; அவையும் சாம்பலும் திட்டும். அமிரா வேர்ஜில் என்ற கறுப்பினப் பெண் 'மெலனின் பக்' என்ற பெயரில் தானே தோல்களைச் செய்து மற்ற விளையாட்டாளர்களுக்குக் கொடுத்தார். நிறுவனம் 2020 டிசெம்பரில்தான் நூறுக்கும் மேற்பட்ட புதிய நிறங்களைச் சேர்த்தது. ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்ட ஆண்டு அது. ஆறு வருடங்களாகச் செய்ய முடியாததாக இருந்த வேலை அந்த ஆண்டில் செய்யக்கூடியதாகிவிட்டது.

3

இனி, நிறங்களின் வரிசை.

கைத்தொலைபேசியில் பெருவிரல் காட்டும் சின்னத்துக்கு 2015 முதல் ஐந்து தோல் நிறங்கள் உண்டு. அந்த ஐந்தும் ஃபிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் 1975இல் செய்த அளவுகோலிலிருந்து வந்தவை. வெயிலில் ஒருவருக்குத் தோல் எரியுமா, கறுக்குமா என்று பார்த்து ஒளிச்சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கவே அவர் அதைச் செய்தார். முதலில் அதில் இருந்தவை வெள்ளைத் தோலின் வகைகள்தான். பழுப்பும் கறுப்பும் பின்னர் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் ஒட்டப்பட்டன. 2022இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் கூகிளோடு சேர்ந்து பத்துப் படிகள் கொண்ட வேறோர் அளவுகோலை வெளியிட்டார். முன்னையதைவிட நியாயமானது. ஆனாலும் எந்த வரிசையிலும் வெளிரில் தொடங்கிக் கறுப்பில் முடிகிறோம். எண்ணத் தொடங்கும் இடம் ஒருபோதும் நாம் நிற்கும் இடமாக இருப்பதில்லை.

இதைச் சொல்லிவிட்டு ஐரோப்பிய மையவாதத்தைத் திட்டிக் கட்டுரையை முடிப்பது எமக்குச் சுகமான வழி. அதை நாம் செய்யப் போவதில்லை. ஏனென்றால் எங்களிடமும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அது ஃபிற்ஸ்பற்றிக்கின் அளவுகோலைவிடக் கொடுமையானது. சிவலை, பொதுநிறம், மாநிறம், கறுப்பு, அட்டக்கறுப்பு. 'பெட்டை கறுப்பெண்டாலும் முகவெட்டு இருக்கு' என்ற வாக்கியத்தில் வருகிற அந்த 'எண்டாலும்' எத்தனை பெண்களின் சீதனக் கணக்கை ஏற்றியது என்பது எல்லோருக்கும் தெரியும். சிவலையாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்து 'எங்கட ஆக்களைப் போல இல்லை' என்று பெருமைப்படுகிற வாய், அதே மூச்சில் வேறொருவனைக் காட்டி 'ஆளைப் பார்த்தால் தெரியும் தானே' என்று அவன் சாதியைச் சொல்லும். தோலில் சாதியை வாசிக்கும் பழக்கம் விமானத்தில் எங்களோடு ஏறி வந்தது. புகலிடத்துப் பத்திரிகைகளின் மணமக்கள் விளம்பரங்களைப் புரட்டினால் அது எந்தெந்த விமான நிலையங்களில் இறங்கியது என்று தெரியும்.

இணையத்துத் திருமணச் சந்தையான ஷாதி நிறுவனம், தேடுபவர் மணமக்களைத் தோல் நிறத்தால் வடிகட்ட ஒரு வசதி வைத்திருந்தது. அதை எதிர்த்து 2020 யூனில் மனு தொடங்கியவர் ஹேதல் லகானி. அவர் வாழ்ந்தது எமக்குப் பக்கத்து டலஸில். ஒரு நாள் முடிவதற்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் ஒப்பமிட, நிறுவனம் அந்த வசதியை நீக்கியது. அதே ஆண்டு, 1975 முதல் விற்பனையாகி வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' தன் பெயரிலிருந்த 'ஃபெயார்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு 'குளோ' என்று மாட்டிக் கொண்டது. களிம்பு கடையில் அப்படியே இருக்கிறது.

நாம் எப்போதும் இப்படித்தானா? சங்க அகப்பாடல்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே பெண்ணின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம். காதலன் பிரிந்தால் அவள் இழப்பது அதைத்தான். அதைத் தின்றுவிட்டு அவள் உடம்பில் படர்வது பசலை, வெளிறல். வள்ளுவர் அதற்கு 'பசப்புறு பருவரல்' என்று ஒரு முழு அதிகாரமே ஒதுக்கினார். எங்களுடைய மிகப் பழைய இலக்கியத்தில் தோல் வெளிறுவது நோயின் அடையாளம். அந்த நோயைக் களிம்பாக விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு எப்படி வந்தோம் என்பது ஒருவர் ஆயுள் முழுக்க ஆராய வேண்டிய கேள்வி. ஆனால் ஒரு தடயத்தைக் கோயிலிலேயே காணலாம். கருவறையில் எண்ணெய் ஊறிய கருங்கல் மூலவர் கன்னங்கறுப்பு. அதே கடவுள் வீட்டுக் கலண்டரில் றோசா நிறம். 1894இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய காலத்திலிருந்து, கோவில்பட்டி கொண்டையராஜுவின் கலண்டர்கள் வழியாக, அச்சுக்கு வந்த தெய்வங்கள் வெளிறிக் கொண்டே வந்தன. 2017இல் சென்னையில் நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும் கறுப்பான மனிதர்களைத் தெய்வங்களாக நிறுத்திப் படமெடுத்தபோது அது உலகச் செய்தியாகியது. அவதாரத்துக்கு அதன் பழைய தோலைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு புதினமாகிவிட்ட காலம் இது.

ஆகவே உணவகத்து மேசையில் அந்தப் பிள்ளையின் விரல் வெளிர்ப் பக்கம் நகரும்போது அதைத் தள்ளுவது சான்பிரான்சிஸ்கோ மாத்திரமில்லை. அம்மம்மாவின் வாயும் சேர்ந்து தள்ளுகிறது.

4

மூன்றாவது, 'இனத்தின் தனித்துவம் தெரிகிற தோல்'. இந்தச் சொற்றொடர்தான் எம்மைக் கூட நேரம் யோசிக்க வைத்தது. தமிழனுக்கு அப்படி ஒரு தோல் இருக்கிறதா?

இலங்கையிலிருந்து வந்த எவரும் இதற்குப் பதில் சொல்வார்கள். 1983 யூலையில் கொழும்புத் தெருக்களில் வாகனங்களை மறித்தவர்களுக்குத் தோலைப் பார்த்துத் தமிழரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். 'பால்திய' என்று அவர்களைப் போல உச்சரிக்க வராதவன் தமிழன். நெற்றியில் பொட்டுத் தேடினார்கள். 1958இலும் இப்படித்தான்: வேட்டி, காதில் குத்திய துளை, நாக்கு. கொல்ல வந்தவனுக்கும் கொல்லப்பட்டவனுக்கும் ஒரே தோல். எங்களை வேறாக்கியது மொழியும் அடையாள அட்டையும் பயமும். இனத்தைத் தோலில் எழுதி வைத்திருக்கிறது என்பது எங்களுடைய அனுபவத்துக்கு வெளியே உருவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கை உருவான நாட்டுக்கு வந்தபின் நிலைமை தலைகீழாகிறது. இங்கே நாக்கை ஒருவரும் சோதிப்பதில்லை, தோலே போதும். அதுவும் தப்பாக வாசிக்கப்படும். 2001 செப்ரெம்பர் 11க்குப் பிறகு டலஸ் பகுதியில் மார்க் ஸ்ரோமன் என்பவன் அராபியரைப் பழிவாங்குவதாகச் சொல்லித் துப்பாக்கியோடு கிளம்பினான். செப்ரெம்பர் 15இல் பலசரக்குக் கடையில் வக்கார் ஹசனைக் கொன்றான், அவர் பாகிஸ்தானியர். ஆறு நாட்கள் கழித்து எரிபொருள் நிலையத்தில் ரைஸ் புய்யானின் முகத்தில் சுட்டான். அவர் பங்களாதேசி, ஒரு கண்ணின் பார்வையை இழந்து உயிர் தப்பினார். ஒக்ரோபர் 4இல் மெஸ்கீற்றில் வாசுதேவ் பட்டேலைக் கொன்றான். அவர் குஜராத்தி இந்து. மூவரில் ஒருவரும் அராபியரில்லை. மூவரும் கல்லாவுக்குப் பின்னால் நின்று வேலை செய்தவர்கள். அவன் கண்ணில் அவர்களுடைய தோல் ஒரே தோல். 2011இல் ஸ்ரோமனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டபோது அதைத் தடுக்கக் கடைசிவரை மன்றாடியவர் ரைஸ் புய்யான்.

இந்த நாட்டின் சட்டமும் தோலை வாசித்துத் தடுமாறியிருக்கிறது. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், இனவியல் நூல்களின்படி தான் கொக்கேசியர், ஆகவே வெள்ளையர், குடியுரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். நூல் எதைச் சொன்னாலும் சாதாரண மனிதனின் கண்ணுக்கு அவர் வெள்ளையர் அல்லர் என்று நீதிமன்றம் தீர்த்தது. தன்னை வெள்ளைப் பட்டியலில் சேர்க்கக் கேட்ட திந்த்தின் வாதத்திலும் எங்களுடைய ஆட்களின் பழைய ஆசை ஒன்று இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

திரைக்குள் இருக்கும் உலகமும் இதேபோல்தான் வாசிக்கிறது. செக்கன்ட் லைஃப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த வாக்னர் ஜேம்ஸ் ஓ 2006இல் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார். ஒரு வெள்ளைப் பெண் நேர்த்தியாக வரையப்பட்ட கறுப்புத் தோல் ஒன்றை அணிந்து சில காலம் அங்கே உலாவினார். முன்பு சகஜமாகக் கதைத்தவர்களில் சிலர் விலகினார்கள். முன்பின் தெரியாதவர்கள் நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். அவர் கண்டுபிடித்தது உண்மைதான். ஆனால் அந்த அனுபவத்தில் ஒன்று குறைவு. வேண்டாம் என்றபோது அவரால் அதைக் கழற்ற முடிந்தது. வாசுதேவ் பட்டேலின் கடையில் அப்படி ஒரு பொத்தான் இருக்கவில்லை. கழற்ற முடிகிற தோல் உடை வகையைச் சேர்ந்தது. எவ்வளவு மெய்யாக வரைந்தாலும் அது தருவது உடையின் அனுபவத்தைத்தான். அதனால்தான் விற்பவர்கள் எழுதுகிற 'எத்னிக்' என்ற சொல் எம்மை உறுத்துகிறது. சேலைக் கடையில் துணிக்கு எழுதுகிற சொல் அது.

5

அப்படியானால் எங்களுடைய தோலில் தனித்துவமாக ஒன்றுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல விருப்பமில்லாமல்தான் இவ்வளவு தூரம் எழுதினோம்.

சோதனைச் சாவடிகளில் பெடியன்களின் சட்டையைக் கழற்றச் சொல்லி இராணுவம் தேடியது நிறத்தையல்ல. முழங்கையிலும் முழங்காலிலும் ஊர்ந்த தழும்பு இருக்கிறதா, தோளில் துவக்குப் பட்டி அழுத்திய அடையாளம் இருக்கிறதா, ஷெல் துண்டு கிழித்த வடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். விழுந்து எழும்பிய தழும்பும் போர்த் தழும்பாக வாசிக்கப்படலாம் என்ற பயத்தில், முழங்கால் உரசாமல் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் இருந்தார்கள். எங்களுக்கென்று ஓர் இனத் தோல் உண்டென்றால் அது இதுதான்: தழும்பால் வாசிக்கப்பட்ட தோல்.

அந்த வாசிப்பு கடல் கடந்தும் தொடர்ந்தது. அகதி அந்தஸ்துக் கேட்டுப் போகிற மேசையில் தழும்பு சாட்சியாகிறது. சித்திரவதையின் அடையாளங்களை வைத்தியர்கள் எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு 1999இல் 'இஸ்தான்புல் நெறிமுறை' என்ற ஐ.நா. கையேடே வந்தது. பிரித்தானியாவில் கே.வி. என்ற எழுத்துகளால் மாத்திரம் அறியப்படுகிற ஒரு இலங்கைத் தமிழரின் முதுகிலும் வலது கையிலும் சூடான கம்பியால் சுட்ட தழும்புகள் இருந்தன. சித்திரவதையால் வந்தவை என்றார் அவர். புகலிடம் பெறுவதற்காக வேறொருவரைக் கொண்டு தானே போட்டுக்கொண்டவையாக இருக்கலாம் என்று தீர்ப்பாயம் சந்தேகித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள், ஒருவர் தன் உடம்பில் தானே இப்படிச் செய்விப்பது மிக மிக அரிது என்பதற்கு உரிய கனம் கொடுக்கப்பட வேண்டும் என்று சொல்லி, மறுபடி விசாரிக்க அனுப்பினார்கள். மெய்யான தோலே 'வரையப்பட்ட' தோலோ என்று சந்தேகிக்கப்பட்ட வழக்கு அது.

செக்கன்ட் லைஃப் சந்தையில் தழும்பும் விற்பனைக்கு உண்டு. தோலுக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் ஒரு படலம். வீரனாகத் தோன்ற விரும்புபவர் வாங்கலாம். இதைக் கண்டு கோபப்படுவது இலகு. கோபத்தைவிட எம்மிடம் ஒரு கேள்விதான் எழுந்தது. மெய்யான தோல் வேண்டும் என்று கேட்கும் நாம், இதையும் சேர்த்துத்தான் கேட்கிறோமா? ஒரு ஈழத்தமிழ் அகதி தன்னைத் திரையில் உள்ளபடி செய்ய வேண்டுமானால் தழும்பையும் தீட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே எமது பதில். தழும்பைக் காட்டிக் காட்டியே உயிர் வாழ்ந்த ஒருவனுக்கு, தழும்பில்லாத முதுகோடு ஓரிடத்தில் நடக்கும் உரிமை உண்டு. அதைப் பொய் என்று சொல்ல விமர்சகனுக்கு அருகதை இல்லை. கனவில் ஒருவரும் தழும்போடு ஓடுவதில்லை. யதார்த்தம் என்ற அளவுகோலை உடம்பின் வேதனை மீது வைத்து அளக்கும் பழக்கத்தைக் குடிவரவு அதிகாரிகளிடமே விட்டுவிடுவோம்.

ஆனால் நிறத்தைக் கழற்றுவது வேறு. தழும்பு எமக்குச் செய்யப்பட்டது. நிறம் எமக்குத் தாயிடமிருந்து வந்தது. முன்னையதை மறப்பது ஆறுதல். பின்னையதை மறைப்பது, எம்மை வெறுத்தவன் சொன்னதை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைப்பது. பனோன் 1952இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தபோது முகமூடி ஓர் உருவகம். எங்களுடைய காலத்தில் அது பட்டியலில் உள்ள ஒரு பொருள்.

6

தெரிவு செய்வதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. 1988இல் தொடங்குகிறது. இதில் வாசலில் உடம்பு கேட்கப்படுவதில்லை. சேலை கட்டிய, பழுப்பு நிறத்து, களைத்த ஒரு தாயின் கைகள் எமக்குத் தரப்படுகின்றன. அந்தக் கைகளால் சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் முதற் புதிர். மகன் கவின் பள்ளிக்கூடத்தில் கெவின் ஆகிவிடுகிறான். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்ரா விருதுகளில் அறிமுக விளையாட்டுக்கான விருது அதற்குக் கிடைத்தது.

வெண்பாவில் குறைகள் உண்டு. சாதி அந்தக் குசினிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. எங்களைப் போல் யுத்தத்தால் துரத்தப்பட்டவர்களின் கதையும் அதுவல்ல. ஆனால் அது ஒன்றைச் சரியாகச் செய்கிறது. நோர்வேயில் இருக்கும் ஒரு வெள்ளைப் பெடியனும் ஒரு மணித்தியாலம் அந்தத் தாயின் நிறத்துக்குள் இருந்தே அரிசி அரைக்க வேண்டும். அந்தத் தோல் அவனுக்கு உடையாக விற்கப்படவில்லை. ஒரு வேலையோடும், ஒரு மகனோடும், ஒரு கவலையோடும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. தோல் மெய்யாவது இப்படித்தான் என்று நாம் கருதுகிறோம். வரைந்த கோடு எளிமையானதுதான். தோலின் ஒளிச்சிதறலை அதில் எவரும் கணக்கிடவில்லை. அப்படியும் அந்தக் கை எமக்குத் தெரிந்த கை.

ஆகவே நூறு நிறங்கள் சேர்த்தாயிற்று என்ற அறிவிப்புகளைக் கண்டு நாம் கைதட்டுவதற்கு முன், இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். முதலாவது அவர்களோடு: கறுப்பை வெள்ளையின் இருட்டாக வரைவதை விடுங்கள், அதற்கென்று ஒரு மினுக்கமும் வெளிரும் நிழலும் உண்டு, அதைப் படித்து வரையுங்கள். இது சலுகையல்ல, தொழில் சுத்தம். இரண்டாவது எங்களோடு: உலகத்தில் வேறெங்கும் எவருக்கும் தோலைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இல்லை. அது இருக்கிற ஒரேயிடத்தில் எங்கள் பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்பது எங்களுடைய வீட்டுப் பேச்சின் பரீட்சைப் பெறுபேறு. 'கறுப்பெண்டாலும்' என்ற சொல்லை வீட்டிலிருந்து எடுக்காமல் விளையாட்டில் நிறம் கூட்டச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை.

பிறந்தபோது எவரும் எம்மைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். எதையும் எடுக்கலாம் என்றிருக்கும்போது தன்னுடையதையே எடுப்பவன், அது தனக்கு நேர்ந்த ஒரு விபத்து என்ற நிலையிலிருந்து அதைத் தான் விரும்பிய ஒன்றாக மாற்றுகிறான். சின்ன விஷயம்தான். ஒரு பிள்ளை பட்டியலில் தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, ஒப்பிட்டு, அதே நிறத்தை எடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்கு வேண்டிய தைரியத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் மேசையைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள்.